சந்தில்லாத கதவு

கரண்ட் பில் வரும் நாளில் அந்த வீட்டில் முதலில் அணைவது டிவி. அடுத்து அணைவது மகளின் முகம்.

அவள் என்ன செய்வாள்? அப்பாவுக்கு நுரையீரல் பலவீனம். வெயில் ஏறினால் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அறையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஏசியும் பகலெல்லாம் ஓடியது. ஆனால் மேற்குப் பக்கத்து ஜன்னல் சட்டங்கள் காய்ந்து சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தன. வாசல் கதவுக்கும் தரைக்கும் நடுவே பூனைக்குட்டி ஒன்று படுத்தபடியே வந்து போகலாம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

அண்ணன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை பில் இப்படி வந்தா அப்பாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். மருந்துக்கடைச் சம்பளத்துல நீ எத்தனை நாளைக்கு ஊருக்கே ஏசி போடுவே?"

அண்ணன் நல்லவன்தான். ஆனால் அவன் வீடு வானத்தைத் தொடும் மாடியில் இருந்தது. அங்கே அப்பாவோடு பேசச் சுவர்தான் உண்டு. வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக நாலு பேரோடு வாயாடிய மனுஷர் அவர். "போகச் சொன்னா போறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாளே ஜன்னல் வேலை செய்பவரைத் தேடிப் போனாள்.

காதில் பென்சில் செருகிய அந்த ஜன்னல்காரர் வேலையில் சுத்தம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் வந்தன. ஓரமெல்லாம் ரப்பர் வைத்த புதுக் கதவும் வந்தது. "அக்கா, இனிமே எறும்பு வரணும்னாலும் காலிங் பெல் அடிச்சிட்டுத்தான் வரணும்" என்று சிரித்தார். கழற்றிய பழைய மர ஜன்னல்களை அப்பா தூக்கிப் போட விடவில்லை. "கிடக்கட்டும், எதுக்காவது ஆகும்." அவை வீட்டுக்குப் பின்னால் அடுக்கப்பட்டன.

அடுத்த பில் வந்தது. குறையவில்லை. இம்மி கூட இல்லை.

மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையை விட்டுக் கிளம்பி, ஜன்னல்காரரைக் கையோடு அழைத்து வந்தாள். வழியெல்லாம் அவர் சாமி மேல் சத்தியம் செய்துகொண்டே வந்தார். "என் வேலையில ஓட்டை இருந்தா நான் பென்சிலையே தொட மாட்டேன் அக்கா."

தெருமுனை திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். புதுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க, அப்பாவின் பழைய கண்டக்டர் தோல் பை முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் வாசலில் நாற்காலி போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே, மாடி வீட்டுக்குப் போகும் படிக்குக் கீழே, வருஷக்கணக்காக அங்கேயே மேசை போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கதவைச் சாத்துங்க. தங்கச்சி பார்த்தா என் தோலை உரிச்சு அதுக்கும் இஸ்திரி போட்டுடும்."

"அவ சாயங்காலந்தான் வருவா. நீ அந்தக் காலரைக் கவனி, சுருக்கம் அப்படியே இருக்கு பாரு."

"அப்பா!"

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. அப்பா எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"பில் குறையலைன்னா அண்ணன் உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவான். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பழைய கதவுக்கு அடியில போன ஏசிக் காத்துதான் இவன் காலுக்குக் குளுகுளுன்னு இருந்துது. நீ அதை அடைச்ச மறுநாள், என்னடா இவன் பேச்சே கேக்கலையேன்னு கதவைத் திறந்து பார்த்தேன். தலை சுத்திப் படியில சாஞ்சு கிடந்தான். வழியில நிக்கிறவனை விட்டுட்டு பஸ் கதவைச் சாத்தினவன் இல்லம்மா நான். இந்த வயசுல பழகச் சொன்னா வருமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஆசையா போட்ட கதவு. உன் மனசு நோகுமேன்னுதான்."

இஸ்திரிக்காரர் தலை குனிந்தபடி சொன்னார். "தப்பு என் மேல தங்கச்சி. நாளைக்கே வேற இடம் பார்த்துக்கறேன்."

பதில் சொல்ல வாயெடுத்தவளின் கண் அவர் கையில் போய் நின்றது. சூடு தாங்க, பெட்டியின் பிடியில் நீலக்கோடு போட்ட ஒரு துணியைச் சுற்றிப் பிடித்திருந்தார். அதன் ஓரம் கருகியிருந்தது. போன மழைக்காலத்தில் அவள் கடையில் இருந்தபோது அப்பாவுக்கு மூச்சு முட்டியது. அந்தக் கதவுச் சந்து வழியாக அந்த இழுப்பைக் கேட்டவர் இவர்தான். பெட்டியைப் போட்டது போட்டபடி, அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெட்டிக்கடியில் யாருடைய நீலக்கோடு போட்ட சட்டையோ கருகிப்போனது. சட்டைக்காரரிடம் என்ன பேச்சு வாங்கினாரோ, அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சட்டைதான் இது.

அவளுடைய கோபம் இருந்த இடம் தெரியவில்லை. 'கடவுளே, நீ வைத்த இடைவெளியை அல்லவா நான் ரப்பர் போட்டு அடைத்துவிட்டேன்!' என்று மனம் கரைந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மாடிப்படிச் சுவரில் ஓட்டை ஓட்டையாக இருந்த சிமெண்ட் ஜாலி வழியே மேற்கு வெயில் நேராக இஸ்திரி மேசை மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, பின்னால பழைய ஜன்னல் இருக்கே, மரப்பலகைக் கதவு வச்சது. அதை அந்த ஜாலிக்கு வெளியே சாய்வா மாட்டினா நிழல் விழுமில்ல?"

ஜன்னல்காரர் ஏற்கெனவே பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "நிழலும் விழும், காத்தும் வரும் அக்கா. கதவுலயும் சின்னதா ஒரு கண்ணாடிச் சாளரம் வச்சுடறேன். ரப்பர் போட்டே. வேணுங்கிறப்போ திறந்து மாமாவும் மருமகனும் சண்டை போட்டுக்கலாம்."

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க. கூலி எவ்வளவுன்னு..."

"கூலி வேணாம் அக்கா, மாமா பஸ்ல ஒருநாள் டிக்கெட் இல்லாம ஏறினதுக்குச் சரியாப் போச்சுன்னு வச்சுக்குங்க."

"அப்போ அது நீதானா?" என்றார் அப்பா. படியோரம் முழுக்கச் சிரிப்பு.

இருட்டுவதற்குள் பழைய ஜன்னல்கள் ஜாலிக்கு வெளியே கூரை மாதிரி இறக்கை விரித்து நின்றன. மறுநாள் மதியம் இஸ்திரிக்காரர் மேசை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. அந்தக் கையை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த பில் வந்தபோது டிவி அணையவில்லை. அண்ணன் கேட்டான்: "பரவாயில்லையே! ஊருக்கே ஏசி போடறதை நிறுத்திட்டியா?"

"ஊருக்கு ஏசி இல்லண்ணா. படியோரத்துக்குக் கொஞ்சம் நிழல்."

"சரி, அப்பா அங்கேயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். எத்தனையோ நாள் கேட்பதற்கென்றே நின்ற இடம் அது. அன்று கேட்க ஒன்றுமில்லாமல் கைகூப்பியபடி நின்றாள்.

வாசல் பக்கம் சாளரம் திறக்கும் சத்தம் கேட்டது.

"படியில நிக்காதே, உள்ளே தள்ளி நில்லு! வெயில் படுதில்ல?"

"நின்னாச்சு மாமா."

"அப்போ ரைட், போலாம்!"

இஸ்திரிப் பெட்டி துணி மேல் நகர்ந்தது.