ஊசி ஏறும் வரை

இது டிசம்பரில் நடந்ததா ஜனவரியிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அது நிச்சயம். ஆனால் எங்கள் ஊர் குளுவாங்கில் அந்த மாதங்களில் எப்போதும் மழைதான். படித்ததையும் நடந்ததையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே யாராவது இதை வேறு விதமாகச் சொன்னால் அவர்களையே நம்புங்கள். பிள்ளையார் தலையாட்டியதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது தம்பி மூர்த்தியின் வீட்டு மாடியறையில் இருந்தேன். அவனுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு தொலைக்காட்சிகள். நான் வேலை பார்த்தது மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில், ஸ்டோர் கிளார்க்காக. காலை எட்டு மணிக்கு அலறத் தொடங்கும் மர இழைப்பு இயந்திரங்கள் ஐந்தரைக்குத்தான் ஓயும். நானோ பேசாமல் இருக்க விரும்புகிறவன். புத்தகமும் மௌனமும் கிடைத்தால் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவேன்.

ஒரு நாளில் எனக்குக் கிடைத்த மௌனம் முழுவதும் கமலநாதன் அண்ணனின் காரில் இருந்தது.

அவர் இரண்டு வீடு தள்ளி இருந்தார். எங்கள் தொழிற்சாலையிலேயே சூப்பர்வைசர். தினமும் என்னை ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் ஏறியவுடன் கிளம்ப மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சூடு காட்டும் ஊசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஊசி முதல் கோட்டைத் தொட்டால்தான் கியர்.

"எழுந்த உடனே உன்னை ஓடச் சொன்னா ஓடுவியா? இதுவும் அப்படித்தான்" என்று முதல் நாளே சொன்னார். "ஊசி ஏறுறப்ப பேசக்கூடாது தம்பி. நான் இன்ஜினைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு வாழ்க்கையில் யாரும் அவ்வளவு இனிமையான ஒன்றைச் சொன்னதில்லை.

மற்றவர்கள் காரில் ஐந்து நிமிடத்தில் ஏறும் ஊசி, அண்ணன் காரில் ஏற இருபத்தைந்து நிமிடம் ஆகும். காரணம் அந்த வீதிக்கே தெரியும், அவரே பெருமையாகச் சொல்வார். சில வருடங்களுக்கு முன் ஆயர் ஈத்தாம் சாலையில் கார் கொதித்து நின்றுவிட்டது. சாலையோரத்தில் பழுது பார்த்த ஒருவர் இன்ஜினிலிருந்து தெர்மோஸ்டாட் என்ற சின்னச் சாமானைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, இது பனி பெய்கிற நாட்டுக்காரர்களுக்குத்தான், நமக்கு எதற்கு என்றாராம். அதன் பிறகு கார் கொதிக்கவே இல்லை. சூடாகவும் இல்லை. சீக்கிரம் சூடேறட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் பிஸ்கட் பெட்டியின் அட்டை ஒன்றைச் செருகிவைத்தார் அண்ணன். அதற்குப் போர்வை என்று பெயர்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நான் பன்னிரண்டு பக்கம் படிப்பேன். குளிரும் மழைக்காலத்தில் ஊசி சோம்பிக் கிடக்கும், அப்போது பதினைந்து. கையில் இருந்தது எண்ணூறு பக்க நாவல். இருநூறு பக்கம் தாண்டியும் நாயகன் ரயிலை விட்டு இறங்கவில்லை. நானும் அவசரப்படவில்லை.

கெடுத்தது துணிக்கொடி.

அண்ணனுக்குப் பக்கத்து வீட்டு ஜொஹரா அக்கா மாலையில் கறிபாப் பலகாரம் பொரித்து விற்பவர். மழை விடாததால் துணிகளைப் போர்ட்டிகோவுக்குள் காயப்போட்டார். அண்ணன் காரை எப்போதும் பின்பக்கமாக ஓட்டி நிறுத்துவார், கிளம்பும்போது கார் தெருவைப் பார்க்க வேண்டுமாம். ஆக, புகைக்குழாய் நேராக அக்காவின் கொடியைப் பார்த்தது. ஒரு சனிக்கிழமை காலை, என் பக்கக் கண்ணாடி தட்டப்பட்டது.

அக்கா தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைத் தெலுக்கோங்கை விரித்துப் பிடித்திருந்தார். நடுவில் தட்டு அளவுக்குக் கறுப்பு.

"கமலா அண்ணே! இது என்னா?"

"பேசாதீங்கம்மா, ஊசி ஏறுது" என்றார் அண்ணன்.

"எனக்கும்தான் ஏறுது! தெனமும் அரை மணி நேரம் புகை. தொழப்போறேனா, கரி மூட்டை தூக்கப்போறேனா? அலமாக், மூணாவது துணி அண்ணே இது!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

மறுநாள் அக்காவின் அண்ணன் மகன் சர்புதீன் வந்துவிட்டான். பொந்தியானில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். பானெட்டைத் திறந்து, போர்வையை இரண்டு விரலால் உருவி எடுத்து, குழாய் ஒன்றைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், தெர்மோஸ்டாட் எங்க?"

"அது குளிர் நாட்டுக்காரனுக்குப்பா."

"அது கதவு மாதிரி அங்கிள். தண்ணி சூடாகற வரைக்கும் மூடியிருக்கும், அப்புறம் திறந்துவிடும். கதவே இல்லேன்னா தண்ணி சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், இன்ஜின் சூடாகவே ஆகாது. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகமாக் குடிக்கும், அதான் கரிப்புகை. சூடாகாம பண்ணிட்டு, சூடாகட்டும்னு தெனம் காத்துக்கிட்டு இருக்கீங்க."

"அதுக்குப் பேரு பொறுமை" என்றார் அண்ணன்.

"எங்க துணிக்குப் பொறுமை இல்ல" என்றார் ஜொஹரா அக்கா.

பழைய தெர்மோஸ்டாட் எங்கே என்று சர்புதீன் கேட்டான்.  அண்ணன் காருக்குள் கை காட்டினார். ஸ்டீரிங்குக்கு முன்னால், குட்டிப் பிள்ளையார் சிலைக்குக் கீழே, பித்தளை நிறத்தில் இருந்தது. அதைக் கழற்றிய அன்றே பீடமாக ஒட்டிவிட்டார். கோணலாக ஒட்டியதால் பள்ளத்தில் கார் இறங்கும்போதெல்லாம் பிள்ளையார் தலையாட்டுவார். சம்மதம் சொல்கிறார் என்று அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான்கு வருடம் நானும் அந்தப் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"யா அல்லா, சாமியை இதும்மேலயா வச்சிருக்கீங்க?" என்றான் சர்புதீன்.

"கார்ல அதைவிட விலையான சாமான் இல்லப்பா."

அண்ணன் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவரைப் புதினா மிட்டாய் டப்பாவின் மேல் மாற்றி உட்காரவைத்தார். தெர்மோஸ்டாட்டைச் சர்புதீன் சுரண்டிக் கழுவினான்.

"சுடுதண்ணில போட்டுப் பாத்துடலாம். திறந்தா இப்பவே மாட்டிடுவேன். திறக்கலேன்னா செத்துப்போச்சு. சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பறேன், இனி அடுத்த ஸ்கூல் லீவுக்குத்தான் வருவேன்."

"வேற யாரையும் என் காரைத் தொட விடமாட்டேன்" என்றார் அண்ணன். ஆயர் ஈத்தாம் அனுபவம் அப்படி.

நான் கணக்குப் போட்டேன். அடுத்த விடுமுறைக்கு இரண்டு மாதம். வேலை நாட்கள் ஐம்பதுக்கு மேல். நாளுக்குப் பன்னிரண்டு பக்கம். நாவலே முடிந்துவிடும்.

அக்காவின் போர்ட்டிகோவில் கறிபாப் அடுப்பு இருந்தது. நல்ல சட்டியைத் தர மாட்டேன் என்று சொல்லி, அக்கா ஒரு பழைய பால்மாவு டின்னில் தண்ணீர் ஊற்றிவைத்தார். சர்புதீன் தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டான். நாங்கள் நால்வரும் குனிந்து நின்றோம். யாரும் பேசவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த மௌனத்தை நான் ரசித்திருப்பேன்.

டின்னின் அடியில் குமிழ்கள் எழுந்தன. சர்புதீனின் கைப்பேசி ஒலிக்க, அவன் ஓரமாகத் திரும்பினான். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கை தானாக அடுப்பின் திருகுக்குப் போனது. தீ சிறுத்தது. குமிழ்கள் அடங்கின.

ஐந்து நிமிடம் கழிந்தது. தெர்மோஸ்டாட் வாயைத் திறக்கவில்லை.

"செத்துப்போச்சு போல" என்றேன். என் குரல் எனக்கே துக்க வீட்டில் கேட்பது போல இருந்தது.

"பாவம்" என்றார் அண்ணன்.

ஜொஹரா அக்கா டின்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"லெட்சுமணா, அடுப்பு பக்கம் உங்களுக்கு என்னா வேலை? இருபது வருசமா கறிபாப் பொரிக்கறேன், இந்தத் தீயில ஈகூட சாகாது. தள்ளுங்க."

திருகைத் திருப்பினார். தீ நீலமாகச் சீறியது. தண்ணீர் கொதித்தது. தெர்மோஸ்டாட் மெதுவாக, தூங்கி எழுந்தவர் கொட்டாவி விடுவதைப் போல, வாயைத் திறந்தது.

"திறந்துட்டான்!" என்று அண்ணன் கைதட்டினார். "நாலு வருசம் சும்மா உக்காந்திருந்தான், தொழிலை மறக்கல பாரு!"

சர்புதீன் அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டான். அக்கா எனக்கு மட்டும் ஒரு கறிபாப் கொடுத்து, மெல்லிய குரலில் கேட்டார். "எதுக்குத் தீயைக் குறைச்சீங்க?"

"படிக்க" என்றேன்.

அவர் கொடியில் கிடந்த தெலுக்கோங்கைக் காட்டினார். "சோப்புத்தூள் நீங்க வாங்கித் தாங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை. நான் மூன்று பக்கம் முடிப்பதற்குள் ஊசி முதல் கோட்டைத் தாண்டிவிட்டது. அண்ணன் அதை நம்பாமல் விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். ஊசி இறங்கவில்லை. பெருமூச்சு விட்டு கியரைப் போட்டார். நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மிட்டாய் டப்பா கோணாமல் இருந்ததால் பிள்ளையார் வழி முழுக்க அசையவில்லை. எதற்கும் அவர் சம்மதம் சொல்லாத பயணம் அது.

தொழிற்சாலைக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம். நிறுத்துமிடத்தில் வேறு கார் இல்லை. கூரைத் தகரத்தில் மழை. அண்ணன் இன்ஜினை அணைத்தார். பிறகு சாவியைப் பாதி திருப்பி, ஊசியை மட்டும் உயிரோடு வைத்தார். நான் கதவைத் திறக்கப் போனேன்.

"எங்க போற?"

"வந்துட்டோமே அண்ணே."

"ஏறுனதைப் பாத்தாச்சு. இறங்குறதைப் பாக்க வேணாமா? சரியா இறங்குதான்னு தெரியணும். எப்படியும் இருபது நிமிசம் ஆகும்." கண்ணாடியை ஏற்றினார். "பேசாத தம்பி."

நான் புத்தகத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் ஊசியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

கமலநாதன் அண்ணன் போன வருடம் ஓய்வு பெற்றார், கார் இன்னும் அவரிடம் இருக்கிறது. ஜொஹரா அக்கா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குக் கடை எடுத்துவிட்டார். சர்புதீன் பொந்தியானிலேயே இருக்கிறான். பிள்ளையார் மிட்டாய் டப்பாவின் மேல் இருக்கிறார். நான் இப்போது பஸ்ஸில் போகிறேன். நாவலின் நாயகன் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ரயிலை விட்டு இறங்கினான், இறங்கியவுடன் வேறு ரயிலில் ஏறினான்.