பானெட்டில் பாதி

சிலி நாட்டின் வடக்கில், ஒரு துறைமுக ஊரின் இரும்புத்தாது ஆலை வேலியோரம் கிரிசெல்டா தாபியா கார் கழுவும் கடை வைத்திருந்தாள். இடம் ஆலையுடையது. வருடா வருடம் அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் கடை.

இந்த வருடம் சீட்டோடு இன்னொரு தாளையும் நீட்டினார் ஆலை அலுவலர் எலியாசர் பிசாரோ. வண்டிகளில் ஒட்டும் செம்புள்ளிகள் கடல் உப்பால் வருபவை, தொழில் தெரிந்தவள் என்ற முறையில் உறுதி சொல்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. காயப்போட்ட துணியெல்லாம் சிவக்கிறது என்று ஊரே ஆலை மேல் புகார் எழுதியிருந்தது. அதை மறுக்க ஒரு சாட்சி வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர்களோ உப்பின் தலையிலேயே பழியைப் போட்டார்கள்.

கிரிசெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் கடை போய்விடும், அதுவும் தெரியும். பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, முதலில் உங்கள் வண்டியைப் பார்ப்போம் என்றாள்.

வெள்ளை வண்டி. நுரை போட்டு இரண்டு முறை கழுவினாள், புள்ளிகள் அசையவில்லை. ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையை அவர் கையில் மாட்டி, பானெட்டைத் தடவச் சொன்னாள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளிருந்த விரல்களுக்குத் தெரிந்தது. பிறகு சோப்புத் தண்ணீர் தெளித்து, வண்டிப் பூச்சில் ஒட்டியதை உரித்தெடுக்கும் களிமண் கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் இடப்பாதியில் மட்டும் முன்னும் பின்னும் ஓட்டினாள். முதலில் கரகரத்தது, போகப்போக வழுக்கியது. சாப்பாட்டுக்கு வெளியே வந்த தொழிலாளர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். கட்டியைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் முழுக்கத் துருத்தூள்.

"உப்புன்னா கழுவுனப்பவே கரைஞ்சிருக்கணும்ல, எலியாசர் சார்?"

கடலுக்கே துருப்பிடித்துவிட்டதாக்கும் என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எலியாசர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டுப் பொழப்பப் பாருங்க."

போட்டாள். தாளில் 'கடல் உப்பு' என்பதை அடித்து, மேலே 'ஆலை இரும்பு' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டாள். அவர் பிடுங்குவதற்குள் நாலைந்து பேர் அதைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள்.

கடை போனது போனதுதான். அவள் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். எலியாசர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாதி பளிச்சென்று, மறுபாதி அம்மை போட்டதுபோல.

"மீதியையும் தேய்ச்சுக் குடுத்துடுங்க. இப்படியே எப்படி ஊருக்குள்ள ஓட்டுறது?"

"மெதுவா ஓட்டுங்க," என்றாள். "எல்லாரும் பாக்கணும்ல."