அலமாரிக்குப் பின்னால் நின்றவள்

தாராவி எட்வின் என்ற நடிகரின் வாயிலிருந்து வந்த எந்த வசனமும் முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் அவர் பெண்டாட்டி விஜயராணி. நாற்பத்தொரு வருஷம் அவருக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவள். மேடையில் திரைக்குப் பின்னால், சினிமாவில் கேமராவுக்குப் பின்னால். கைதட்டல் அவருக்கு, தொண்டைக்கட்டு எனக்கு.

சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக ஆரம்பித்தவர். பிறகு மாட்டுங்கா, செம்பூர் என்று ஒரு மேடை பாக்கியில்லை. மனுஷன் வந்து நின்றால் கடைசி வரிசையில் வடை தின்கிறவனும் மெல்லுவதை நிறுத்துவான். அப்புறம் சென்னையில் அறுபத்து மூன்று படங்கள். ஜட்ஜ், டாக்டர், பெண்ணைப் பெற்ற தகப்பன். அந்தக் காலத்தில் குரலைப் பிற்பாடு டப்பிங்கில் சேர்ப்பார்கள். அதனால் ஷூட்டிங்கில் ஒருத்தர் வசனத்தை உரக்கச் சொல்லச் சொல்ல நடிகர் பேசுவார். "எனக்கு எம் வீட்டம்மாதான் சொல்லணும்" என்று இவர் அடம்பிடித்து, கம்பெனிக்காரர்களை எப்போதும் இரண்டு ரயில் டிக்கெட் எடுக்க வைத்தார். இந்திப் படங்களில்தான் இவரை இட்லி விற்கிற மதராசியாக்கி 'ஐயய்யோ' சொல்ல வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது எழுபத்தெட்டு வயது. போன வருஷத்திலிருந்து மறதி. கண்ணாடியை மறந்தால் போகட்டும் என்று விடலாம். தாணேயிலிருந்து எங்கள் மகள் வந்தபோது, "யாருட்டி இந்தப் பிள்ள?" என்று என் காதில் கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த நேரத்தில்தான் பரீஹா வந்தாள். இங்கே மான்குர்த்தில் வளர்ந்த பெண், முதல் படம் எடுக்கிறாள். கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தமிழ் பேசுவாள், படிக்க வராது. வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். இவருக்கு ஒரே காட்சி. செத்துக் கிடக்கிற மனைவியிடம் கிழவர் கடைசியாகப் பேசுகிறார்.

அவள் போனதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராணி, இத மட்டும் முழுசா பண்ணிருதேன். அப்புறம் மொகத்துல பவுடரே போட மாட்டேன். பாதியில நின்னு போனவன்னு பேர் வாங்கிராம இருக்கணும்ட்டி."

"ஏங்க, நான் இருக்கேன்லா" என்றேன்.

மறதியைப் பற்றிப் பரீஹாவிடம் மூச்சு விடவில்லை. நான் இருக்கும்போது என்ன வந்துவிடும் என்ற திமிர்தான்.

தாராவியிலேயே ஒரு வீட்டில் ஷூட்டிங். பிணமாக நடிக்க எங்கள் பக்கத்து வீட்டு பார்வதியம்மாள் வந்திருந்தாள். பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கு ஆகாது என்பது சினிமாக்காரர்களின் சம்பிரதாயம். சிரிக்கிற ஷாட் கட்டாயம் எடுப்பதாகப் பரீஹா சத்தியம் செய்த பிறகுதான் பார்வதியம்மாள் மூக்கில் பஞ்சு வைக்கவிட்டாள்.

நான் யாரிடமும் சொல்லாமல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். ஃபேனை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்களைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார்கள். எதற்கென்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

இரண்டாவது வரியில் அவர் நின்றுவிட்டார். பார்வை கட்டிலை விட்டு அலமாரிக்கு வந்தது. நான் வழக்கம்போலக் கணீரென்று எடுத்துக்கொடுத்தேன்.

"எனக்கு முந்திப் போயிட்டியே!"

"கட்!"

சவுண்ட்காரர் ஷகீல் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். "அரே, கோன் பாத் கர் ரஹா ஹை?" யார் பேசுவது என்று கேட்டார்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. "ஏட்டி ராணி, அங்க என்னட்டி செய்யுத? நானே மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆன்ட்டி, இது லைவ் சவுண்ட்" என்றாள் பரீஹா. "டப்பிங்கே கிடையாது. நீங்க பேசினா அதுவும் ரெக்கார்ட் ஆயிரும்."

"அப்ப நான் சொல்லவே கூடாதா?"

"ஒரு வார்த்தைகூட."

அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"அவர் உங்களையேதான் தேடுறார் ஆன்ட்டி. அலமாரியைப் பார்த்தா ஷாட் வீணாப் போயிரும். நீங்களே கட்டில்ல படுங்க, பார்வையாவது சரியா இருக்கும். ஒரு டேக் பார்ப்போம். வரலைன்னா..."



பார்வதியம்மாள் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்க, நான் ஏறிப் படுத்தேன். புதுப் பஞ்சு வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்துவிட்டது. மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. எனக்கோ அந்த வரி தொண்டையில் வந்து முட்டுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அவர் கை என் கன்னத்தில் பட்டது.

"ராணி, மறந்துட்டுட்டி. அடுத்தது என்ன? சொல்லு."

படத்தில் அந்த மனைவிக்கு ராணி என்று பெயர் இல்லை. இது நடிப்பில்லை, மறதி. எனக்குத் தெரியாதா? ஆனால் பரீஹா கட் சொல்லவில்லை.

"எப்பவும் சொல்லுவியே. ராஜாவா நின்னாலும் ஜட்ஜா நின்னாலும் நீ சொல்லித்தான பேசினேன். நீ வாயத் தொறக்காமக் கெடந்தா நான் என்னத்தட்டி பேச? சரி, தூங்கு. எனக்காவக் கத்திக் கத்தி ஒனக்குத் தொண்ட கட்டிப் போச்சு. நான் சும்மா பக்கத்துல இருக்கேன்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கட்" என்று சொல்லிவிட்டுப் பரீஹா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முடிஞ்சிருச்சு அங்கிள். முழு சீனும் கிடைச்சிருச்சு. எழுதினதைவிட இதுதான் சரி."

"முழுசாவா?" என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார்.

"ஏ, மொதல்ல அவளச் சிரிக்கச் சொல்லுங்க" என்று பார்வதியம்மாள் கத்தினாள்.

கேமரா என் பக்கம் திரும்பியது. எழுந்து உட்கார்ந்தேன். சிரிப்பு எங்கிருந்து வரும்? கண்ணீர்தான் கொட்டியது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் யாரென்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

அவர் மெல்ல எழுந்தார். கேமராவில் படாமல் சுவரோரமாக நடந்து, அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து கணீரென்று வந்தது குரல்.

"சிரிட்டி!"

சிரித்தேன்.