லூர்தம்மாளின் பேச்சு

குவைத்தில் ஒரு வீட்டில் பதினோரு வருஷம் சமையல் வேலை பார்த்தவள் லூர்தம்மாள். சண்டை வந்ததும் ஜோர்டான் எல்லையில் பத்தொன்பது நாள் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய்க்கும் அங்கிருந்து ரயிலில் மெட்ராசுக்கும் வந்து சேர்ந்தாள். அது தொண்ணூறாம் வருஷம் அக்டோபர். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை.

சொந்த ஊரான இருங்காட்டுக்கோட்டையில் தம்பி வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இருந்த ஒரே அறை புதுப்பெண்ணுக்கு வேண்டியிருந்தது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளுடைய பெட்டியை மட்டும் மாட்டுக்கொட்டகைக்கு மாற்றி வைத்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. விடுதியின் மதரே கோவிந்தம்மா என்பவளிடம் பேசி, அவள் வீட்டுப் பின்பக்க அறையை வாடகைக்கு முடித்துக் கொடுத்தார். முடித்துக் கொடுத்த கையோடு தியானத்துக்காகத் திருச்சி போய்விட்டார். சனிக்கிழமைதான் வருவார்.

இலங்கையிலிருந்து வந்த, கண்ணாடி போட்ட ஒரு பெண் கட்டி வந்த குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த ஊரில் வாடகைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தனியாக வரும் பெண் என்றால் இரண்டு முறை பார்த்தார்கள். கண்ணாடி போட்டிருந்தால் மூன்று முறை. ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை காலை லூர்தம்மாள் பெட்டியோடு வந்து நின்றாள். தனியாக வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"மதர் சொன்ன பொம்பள நீதானா?" என்றாள் கோவிந்தம்மா.

"ஓம்."

"இன்னாது?"

"ஓம் அக்கா, நான்தான். தனியத்தான் வந்தனான். என்னால ஒரு கரைச்சலும் இராது."

கோவிந்தம்மா மெல்லப் பின்வாங்கி வாசற்படியில் ஏறிக்கொண்டாள். அது இலங்கைத் தமிழ் என்பது அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

குவைத்தில் அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் யாழ்ப்பாணத்துப் புஷ்பம். பதினோரு வருஷமும் லூர்தம்மாள் தமிழ் பேசியது அவள் ஒருத்தியோடுதான். இருவருக்கும் ஒரே அறை, ஒரே பேச்சு. புஷ்பத்தின் பேச்சே அந்த அறையின் பேச்சாகிவிட்டது. தம்பி வீட்டில் அவள் வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் அங்கே அதிகம் பேசவில்லை. புதிய ஆட்களிடம் மரியாதையாகப் பேச நினைத்தால், புஷ்பத்தின் சொற்கள்தான் முன்னால் வந்து நின்றன.

கோவிந்தம்மா ஆள் அனுப்ப, ஏட்டு பலராமன் சைக்கிளில் வந்தார். தெருவில் பாதிப்பேர் வெளியே வந்திருந்தார்கள்.

"எந்த ஊரும்மா நீ?"

"இருங்காட்டுக்கோட்டை, ஐயா."

"இங்கேர்ந்து கூப்பிடு தூரம். பேச்சு அப்டி இல்லன்றாங்களே. பாஸ்போர்ட் கீதா?"

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அம்மான் நகரில் தூதரகம் கொடுத்த ஒற்றைத் தாளை நீட்டினாள். அதில் பிறந்த ஊர் மெட்ராஸ் என்று மட்டும் இருந்தது.

"உன்னைத் தெரிஞ்சவங்க யாரு?"

"மதர் திருச்சியில. தம்பி லாரியில பெங்களூர் போயிட்டான்."

"எல்லாருமே வெளியூரு," என்றார் பலராமன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு மாதமாகத் தூங்கவில்லை. "பொட்டியைத் தொற."

நான்கு புடவை, ஜெபமாலை, ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். பிளாஸ்க்கைப் பார்த்ததும் பலராமன் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு கையாலும் எடுத்தார். காதில் வைத்துக் கேட்டார். லேசாகக் குலுக்கினார். கை வியர்த்திருந்தது. பிளாஸ்க் வழுக்கிச் சிமெண்டுப் படியில் விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

லூர்தம்மாள் ஒரு நொடி அதையே பார்த்தாள்.

"யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனக்கு?" என்றாள். "பத்தொம்போது நாளு, மணல்ல, அதுல தண்ணி வச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்யா! ஆறு பேரு குடிச்சோம் அதுல. மேல பிளேன் போச்சு, குண்டு போட்டுருவான்னு நடுங்கிக்கினு இருந்தோம், அப்பகூட ஒடையல. நீ கையில வாங்கிக்கினு போட்டு ஒடைக்கிறியே, வெளங்குவியா நீ? பாலைவனத்துல ஒருத்தனும் எந்த ஊருன்னு கேக்கல. நம்பரைச் சொல்லி இந்தா கூடாரம்னு குட்த்தான். பொறந்த ஊருல வந்து நான் தெருவுல நின்னுகினு கீறேன்!"

அதோடு நிற்கவில்லை. தம்பியைத் திட்டினாள். தம்பி பெண்டாட்டியை, மாட்டுக்கொட்டகையை, அதிலிருந்த மாட்டைத் திட்டினாள். பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த ஊர்ப் பேச்சு இத்தனை காலமும் தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. புஷ்பம் இந்தப் படியில் வந்து நின்றிருந்தால் எந்தப் பேச்சும் அவளைக் காப்பாற்றியிருக்காது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பலராமன் அவள் முடிக்கும்வரை தலைகுனிந்து கேட்டார். பிறகு நோட்டை எடுத்து, "இருங்காட்டுக்கோட்டை, உள்ளூர்" என்று எழுதினார்.

"எங்க அக்காவ உங்க ஊர்லதான் கட்டிக் குட்த்துகீது," என்றார். "தப்பு என்னுதுதான்மா. மன்னிச்சிக்கோ."

கோவிந்தம்மா படியிலிருந்து இறங்கவில்லை. "உள்ளூருன்னா சரி. ஆனா இந்த வாயி நம்ம வூட்டுக்கு ஒத்து வராது."

எதிர்வீட்டு வாசலிலிருந்து பாஞ்சாலி தெருவைக் கடந்து வந்தாள். விதவை, கம்பு மாதிரி உடம்பு, சன்னக் குரல்.

"எங்க வூட்ல ஒரு ரூம்பு காலியா கீது," என்றாள். "தெருக்குழாயில மூணு வருஷமா எனக்கு ரெண்டு கொடத்துக்கு மேல வுட மாட்டேங்கறாங்க. நீ வர்றியா?"

லூர்தம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "ஜன்னல் கீதா?"

"ரெண்டு."

பலராமனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

சனிக்கிழமை மதர் ஊர் திரும்பி நேராகக் கோவிந்தம்மா வீட்டுக் கதவைத் தட்டி, லூர்தம்மாள் சௌகரியமாக இருக்கிறாளா என்று கேட்டார்.

"எதிர்வூட்ல கீது, மதர்."

"ஏன், என்ன ஆச்சு?"

"முதல்ல வெளியூருன்னு நெனச்சோம்," என்றாள் கோவிந்தம்மா. "அப்பறம் பார்த்தா உள்ளூரு."