ஆளில்லாத அறையில் ஃபேன்

சின்ன ரூமில் இருந்த கம்ப்யூட்டருக்கு மூன்று நாளாக ராஜ உபசாரம். பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய உட்கார்ந்திருந்த அதற்கு நேராக ஸ்டாண்டு ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஃபேனுக்குச் சொந்தக்காரரான மாமனாரோ அடுத்த அறையில் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தார். மருமகளுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டாண்டு ஃபேன். அவர் அறையின் கூரையில் ஃபேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. காலை எட்டு மணிக்கே சுவர் சுட ஆரம்பித்துவிடும். ரிப்பேர்க்காரர் வந்து தூசியை ஊதித் தள்ளி, பிராசசருக்குச் சூடு தணிக்கும் புது பேஸ்ட் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள இருக்கற குட்டி ஃபேன் போயிடுச்சுக்கா. புதுசு வர அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும் வெளியிலேருந்து காத்து விடுங்க. சூடு நூறைத் தொட்டா அதுவா அணைஞ்சிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"எங்க லாரி சூடானா தண்ணி ஊத்துவோம். இதுக்கு ஊத்த முடியாதா தம்பி?" என்று மாமனார் எட்டிப் பார்த்துக் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். ரிப்பேர்க்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அவளுக்கு வீடியோ எடிட்டிங் வேலை. மூன்று மணி நேரப் பயிற்சிப் படம் ஒன்றை வெட்டி, ஒட்டி, நிறம் திருத்தி முடித்தாயிற்று. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக மாற்றித் தருகிற கடைசி வேலை மட்டும் பாக்கி. அதை இந்தக் கிழட்டு மெஷின் செய்து முடிக்க இருபது மணி நேரம் ஆகும். நடுவில் நின்றால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் படம் போய்ச் சேர்ந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றும், சேராவிட்டால் அடுத்த மாதம் முதல் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்றும் மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் அவசரம் அவசரம் என்று பறப்பதால் அவருக்கு அவள் வைத்த பெயர் அவசரக்காரர்.

ஆபீசுக்குப் போவதென்றால் காலையில் கிளம்பி இருட்டியபின்தான் வீடு திரும்ப முடியும். மாமனாரைத் தனியாக விட முடியாது. போன வருஷம் இரண்டு தடவை கேஸைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோனார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் ஒரு முதியோர் இல்லத்தை விசாரித்து வைத்திருந்தான். "நல்ல இடம்தான். எதுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேன்" என்று அவன் போனில் சொன்னபோது மாமனார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அங்க ஃபேன் இருக்குமாம்மா?"

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் அந்த வேலையைத் தொடங்கிவிட்டாள். அதற்கு முன்னாலேயே, ஃபேனைச் செருகியிருந்த கதவோரத்து சுவிட்சுக்கு மேல் 'அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். எழுதியது யாருக்கு என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவர் அவர்தான். கல்யாணமாகி வந்த புதிதில், "சுவருக்கா வேர்க்குது? எதுக்கும்மா ஓடுது?" என்று அவளையே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்! பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எழுபத்தெட்டு சதவீதம் முடிந்திருந்தது. ஸ்கிரீன் மூலையில் காட்டும் சூடு எண்பத்தொரு டிகிரியில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்குப் போன் வந்தது. அவசரக்காரர்தான். அந்த அறையில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் பேசிக்கொண்டே ஹாலுக்குப் போனாள். அப்படியே அடுப்பைப் பார்த்து, மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, ஒன்பது மணிக்கு டீயோடு திரும்பினால் அறை நிசப்தமாக இருந்தது. ஸ்கிரீன் கறுப்பு. ஃபேன் நின்றிருந்தது. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

டீயை எங்கே வைத்தாள் என்றே தெரியாது. நேரே மாமனாரின் அறைக்குப் போனாள்.

"ஃபேனை அணைச்சீங்களா?"

அவர் விழித்தார். "நானா?"

"வீட்டுல வேற யாரு மாமா இருக்காங்க? எழுதி ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா? அது நின்னா எனக்கு என்ன ஆகும்னு தெரியுமா? உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா? உங்களுக்காகத்தானே நான் கிடந்து சாகறேன்!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. அது வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மூன்று நாள் தூக்கமில்லாத எரிச்சல் அவளை நிறுத்தவிடவில்லை.

மாமனார் தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "நான்தான் அணைச்சிருப்பேன்மா. ஞாபகம் இல்ல. அணைச்சிருப்பேன்" என்றார்.

ஒன்பதேகாலுக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். விடியற்காலை ஐந்தேகால் வரை நிற்காமல் ஓடினால் பிழைத்தது. இன்னொரு தடவை நின்றால் அவ்வளவுதான். கணவனிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். "அந்த இடத்துல கேட்டு வைக்கட்டுமா?" என்றான் அவன். "வை" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்ச தெம்பும் போய்விட்டது.

பத்து மணி வாக்கில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு மாமனார் சின்ன ரூமுக்குள் வந்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், காற்று தன் மேல் படாத மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க எதுக்கு மாமா? வேர்க்குமே."

"ஆளில்லாத ரூமுன்னாதானே என் கை சும்மா இருக்காது. நான் உள்ளயே உக்காந்துட்டா இது ஆளிருக்கற ரூமு. அணைக்க மாட்டேன்ல?" என்றார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவளுக்கு இன்னும் கோபம் முழுசாக வடியவில்லை. வேர்வை அவர் கழுத்தில் இறங்கி மார்பில் ஓடியது. ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். அவர் கையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டினார். சாப்பாட்டுக்கு எழுந்து போனபோதும், "நான் வர்ற வரைக்கும் நீ உக்காரும்மா" என்று டியூட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மூன்று மணிக்கு வெயில் கூரை வழியாகவே இறங்குவதுபோல் இருந்தது. சூடு எண்பத்தொன்பதைத் தொட்டு, எண்பத்தேழுக்கு வந்து, மறுபடியும் தொண்ணூறுக்குப் போயிற்று. ஸ்கிரீனில் இருபத்தெட்டு சதவீதம். அப்போது போன் அடித்தது. அவசரக்காரரேதான். "சொல்லுங்க சார்" என்று காதில் வைத்துக்கொண்டே எழுந்து ஹாலுக்கு நடந்தாள்.

"ஏம்மா, நான் உள்ளதானே இருக்கேன்?"

அவள் திரும்பினாள். ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தன. அவளுடைய இடது கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது. அதற்கு மேலே அவளே எழுதி ஒட்டிய காகிதம்.

சட்டென்று சுவிட்சைப் போட்டாள். ஃபேன் வேகமெடுத்தது. போனில் அவசரக்காரர் "ஹலோ, ஹலோ" என்றார். "அப்புறம் கூப்பிடறேன் சார்" என்று அவள் துண்டித்துவிட்டாள். சூடு தொண்ணூற்றாறு வரை போய், நின்று, மெல்ல இறங்கியது. உயிர் போய் உயிர் வந்தது.

காலையிலும் இதேபோலத்தான். இதே மனிதரின் போன், இதே வாசல், இதே கை. பதினொரு வருஷப் பழக்கம் அவளைக் கேட்காமலே வேலை செய்திருக்கிறது. சே, என்ன பேச்சுப் பேசிவிட்டாள்!

"மாமா" என்றாள். "காலைல அணைச்சது நீங்க இல்ல. நான்தான். போன் பேசிக்கிட்டே அணைச்சிருக்கேன்."

அவர் தொடைக்கு அடியிலிருந்து கைகளை மெல்ல வெளியே எடுத்தார். நாற்காலியின் வரி வரியான தடம் அவற்றில் பதிந்திருந்தது.

"அப்போ நான் மறக்கலையா?"

"இல்ல மாமா."

"நெஜமா? எனக்காகச் சொல்லலையே?"

"நீங்க அந்தப் பக்கமே வரல. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என் மேலதான்."

"அதை விடு" என்றார். "காலைலேருந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். சுவிட்சுகிட்ட போன மாதிரியே தோணல. போனதே தெரியாம போயிருக்கேன்னா, அப்புறம் நான் எதைம்மா நம்பறது?" சொல்லிக்கொண்டே ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் அவர் காலடியில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே படம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவசரக்காரர் 'சரி' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தார். அந்த இடத்தில் கேட்க வேண்டாம் என்று கணவனிடம் சொல்லிவிட்டு, அவள் ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டாள். ஹாலுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தாள். கண்கள் எரிந்தன.

கொஞ்ச நேரத்தில் அவருடைய அறையில் ஃபேன் நிற்கும் சத்தம் கேட்டது. பாத்ரூமுக்குப் போகிற வழியில் அவர் அவளருகே நின்றார்.

"ஃபேனை அணைச்சுட்டு வந்திருக்கேன்மா. நான்தான் அணைச்சேன்" என்றார். "நல்லா ஞாபகம் இருக்கு."