மேடத்தின் செடியும் துரையும்

தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற உதவி மேலாளர் அன்று சாயங்காலம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். காரணம், பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பீங்கான் தொட்டியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. அகல அகலமாக இலைகள், இலை முழுக்க வெள்ளை நரம்பு.

"மேடத்தோடது" என்றார் மனைவியிடம், அவள் கதவைத் திறந்தும் திறக்காததுமாக. "பயிற்சிக்கு வெளியூர் போறாங்க. வர்ற வரைக்கும் என்னைப் பாத்துக்கச் சொன்னாங்க. ஆபீஸ்ல எத்தனை பேர் இருக்காங்க! என்னைக் கூப்பிட்டுக் குடுத்தாங்க."

சொல்லும்போதே கைக்குட்டையால் ஒரு இலையைத் துடைத்தார். துடைக்கமாட்டாரா பின்னே? மேடம் சீக்கிரமே தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகப்போகிறார். காலியாகிற நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி: இவரும், கொள்முதல் பிரிவைப் பார்க்கிற பெண்மணியும். மேடம் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் நாற்காலி. அந்தப் பெண்மணிக்கு வேலை தெரியும், அவ்வளவுதான். செடி வந்திருப்பதோ இவர் கைக்கு.

"ஜன்னலோரமா வைங்க, வெளிச்சம் படட்டும்" என்றாள் மனைவி. வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். வாயில் கவ்வியிருந்த ஊசியை அப்போதுதான் எடுத்திருந்தாள்.

"அவங்களுக்கு நேர் வெயில் ஆகாது."

"எவங்களுக்கு?"

"செடிக்குத்தான்."

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்டு வந்த மனிதர். அவள் ஊசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஒரு பூனையும் உண்டு. தையல் மெஷினுக்கு அடியில் துணி வெட்டல்களின் மேல் படுத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். அந்த மிடுக்குக்காக அதற்குத் துரை என்று மனைவி பெயர் வைத்திருந்தாள். மறுநாள் காலை துரை எழுந்து சோம்பல் முறித்து, நேரே போய் மேடத்தின் தொட்டியில் ஏறி, வறட் வறட்டென்று மண்ணைப் பறித்துத் தரையெல்லாம் இறைத்து, நடுவில் உட்கார்ந்து காலைக்கடனையும் முடித்து, மரியாதையாக மூடிவிட்டு இறங்கியது.

உதவி மேலாளருக்கு உயிரே போய்விட்டது.

அன்றே அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, செல்போனில் தேடித் தேடிப் படித்தார். பூனைக்கு ஆரஞ்சுத் தோல் வாசனை ஆகாது என்று போட்டிருந்தது. தொட்டி நிறையத் தோலைப் பரப்பினார். துரை ஒவ்வொரு துண்டாக வெளியே தட்டி, ஹால் முழுக்க விரட்டி விளையாடியது. கூழாங்கல்லை அடுக்கினார். அது கல்லை ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிவிட்டு மண்ணை எடுத்துக்கொண்டது. முள்கரண்டிகளை முள் மேலே இருக்கும்படி சுற்றிலும் நட்டார். துரை அந்தப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஊற்றப் போன இவர்தான் உள்ளங்கையில் குத்திக்கொண்டு வீடதிரக் கத்தினார். அத்தோடு விட்டாரா? மிளகாய்த்தூளைக் கையில் எடுத்தார்.

"அதோட கண்ணுல பட்டா என்னங்க ஆகும்?" என்று மனைவி ஓடி வந்து தடுத்தாள். இழுபறியில் தூள் பறந்து அவர் கண்ணில்தான் விழுந்தது. துரை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது.

"இந்தச் சனியனைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வந்துடறேன்" என்றார், முகத்தைக் கழுவிக்கொண்டே.

"விடுங்க. அப்படியே என் பெட்டியையும் எடுத்து வைங்க, நானும் கூடவே கிளம்பறேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளே ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் மண்ணை நிரப்பி மெஷின் பக்கத்தில் வைத்தாள். "அதுக்கு வேணும்கிறது மண்ணுதாங்க. உங்க மேடம் செடி இல்ல." துரை முகர்ந்து பார்த்து, ஏறி, பறித்து, காரியத்தை முடித்து இறங்கியது. அதோடு பீங்கான் தொட்டியின் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் மனைவி சொல்லி, அதுவும் பழைய பேசினில், ஒரு பிரச்சினை தீர்ந்துவிட்டால் உதவி மேலாளரின் கௌரவம் என்னாவது? செடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்தார். பூனை ஜன்னல் வழியாக வந்துவிடுமாம், ஜன்னலைச் சாத்தினார். வெளியிலிருந்து பார்த்து ஆசைப்படுமாம், திரையை இழுத்துவிட்டார். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஹாலில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து மத்தியானத்துக்கும் ஒரு சொம்பு சேர்த்துக்கொண்டார். "வேரு அழுகிடும்ங்க" என்று மனைவி சொன்னதற்கு, "உனக்கென்ன தெரியும்?" என்றார். அறைக்குள் சாக்கடை வாடை அடிக்க ஆரம்பித்தது. இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. கடைசியில் தண்டே துவண்டு தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

மேடம் திரும்பி வருகிற நாள் காலை. பூட்டு திறந்து கிடப்பதைப் பார்த்து மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உதவி மேலாளர் தரையில் முட்டி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தொட்டி மண்ணை வறட் வறட்டென்று வாரி வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். நகமெல்லாம் சேறு. துரை வாசலில் உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தது.

"என்னங்க பண்றீங்க?"

"பூனை தோண்டின மாதிரி இருக்கணும்ல" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இந்த மனிதரோடு இத்தனை காலம் குப்பை கொட்டியிருக்கிறோமே என்று அழுகையும் வந்தது. துரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேடத்தின் மேஜைமேல் தொட்டியை வைத்துவிட்டு உதவி மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வீட்டுல ஒரு பூனை மேடம். எவ்வளவோ தடுத்துப் பாத்தேன். ராத்திரி பகல்னு பாக்காம காவல் இருந்தேன்..." குரல் உடைந்தது. அது மட்டும் நடிப்பில்லை.

மேடம் தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். அழுகிய வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போயிடுச்சா? நிச்சயமா?"

"மன்னிச்சுடுங்க மேடம்."

"அட, எதுக்குங்க மன்னிப்பு?" மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இது சேர்மன் வீட்டம்மா குடுத்தது. பாக்கும்போதெல்லாம் 'செடி எப்படி இருக்கு'ன்னு கேப்பாங்க. தூக்கிப் போடவும் முடியல, கட்டி மேய்க்கவும் முடியல. தலைமை ஆபீசுக்கும் சுமந்துட்டுப் போகணுமான்னு கவலையா இருந்துச்சு. யோசிச்சுத்தான் உங்ககிட்ட குடுத்தேன்."

"என்கிட்டயா மேடம்?"

"பாவம், பூனை மேல பழி போடாதீங்க. உங்ககிட்ட வந்த எந்த ஃபைல் உயிரோட திரும்பி வந்திருக்கு, சொல்லுங்க?" மேடம் டிஷ்யூவில் கையைத் துடைத்தார். "போகும்போது கொள்முதல் பிரிவு அம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. இந்த அறைச் சாவியைக் குடுக்கணும்."

உதவி மேலாளர் போய் அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டார். கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெஷினை நிறுத்திவிட்டு மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"செடியைப் பாத்துட்டு மேடம் என்ன சொன்னாங்க?"

"ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க" என்றார்.

ஆபீஸைப் பற்றி அவர் வீட்டில் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் நம்பவில்லை.