கலீனாவில் பிறந்தவள்

செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் கெசியாவை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வழக்கே அவளைப் பற்றியதுதான். ஆனால் அவள் வழக்காட வந்தவள் இல்லை, வழக்கில் கிடக்கும் சொத்து. காலையிலிருந்து தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில், நாலு வயது மகள் வைனியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜூரியில் ஒருவர் "திரும்பி நில்லு" என்றார். திரும்பினாள். "பல்லு?" காட்டினாள். அதன் பிறகு பன்னிரண்டு பேரில் ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

சண்டை மச்சான்கள் இருவருக்குள். கிழவர் டாரன்ட் தன் மகள் கல்யாணத்தில் சீராக ஹான்னா என்ற அடிமைப் பெண்ணைக் கொடுத்திருந்தார். ஹான்னாவும் இனி அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் மகளுக்கு என்று பத்திரம். ஹான்னாவின் மகள்தான் கெசியா. கிழவர் போய்விட்டார், மகளும் போய்விட்டாள். கெசியா சீரோடு சேர்ந்தவள், ஆகவே அவளும் அவள் பிள்ளையும் எனக்கு என்றான் மருமகன் ப்ரூயட். கல்யாணத்துக்கு முன்பே பிறந்தவள் சீரில் சேரமாட்டாள், அப்பா சொத்து மகனுக்குத்தான் என்றான் கிழவரின் மகன் டாரன்ட்.

யார் ஜெயித்தால் என்ன ஆகும் என்று கெசியாவுக்குத் தெரியும். ப்ரூயட் குடித்தால் அடிப்பான். ஆனால் விற்க மாட்டான், விற்பதற்கு நாலு பேரிடம் பேச வேண்டும், அவன் சோம்பேறி. டாரன்ட் ஏற்கெனவே தரகனைக் கூட்டிவந்து காட்டிவிட்டான். தாய் நியூ ஆர்லியன்ஸுக்கு, பிள்ளை வேறெங்கோ. இரண்டையும் சேர்த்து வாங்க ஆள் இல்லையாம்.

டாரன்டின் வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். படுக்கையில் கிடக்கும் காடி அம்மாள் என்ற வெள்ளைக்காரக் கிழவி எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம். "1826 பிப்ரவரியில், இல்லினாய் மாநிலம் கலீனா ஈயச் சுரங்கத்தில், டாரன்ட் வீட்டுச் சமையலறையில் ஹான்னாவுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை, கெசியா என்று பெயர். டாரன்ட் குடும்பம் அங்கே மூன்று வருடம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆனது அதற்கும் நாலு வருடம் கழித்து." அடுத்து டாரன்டே ஏறி பைபிளின் மேல் கை வைத்து, ஆமாம், கலீனாவில்தான், எனக்கு அப்போது பதினாலு வயது, நன்றாக நினைவிருக்கிறது என்றான்.

கெசியா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

அம்மா சொல்லியிருந்தாள், நீ ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள், அன்றைக்குப் பனி கதவை மூடிக் கிடந்தது என்று. அக்கரை இல்லினாயில் அடிமை முறை கிடையாது, அந்த மண்ணில் பிறந்த பிள்ளை அடிமை இல்லை. செயின்ட் லூயிஸ் அடுப்படிகளில் இது தெரியாதவர் கிடையாது. ஆனால் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கறுப்பு மனிதர் சொல்லும் சாட்சி இங்கே செல்லாது. ஹான்னா அந்த உண்மையை வைத்துக்கொண்டே செத்துப்போனாள். இப்போது இரண்டு வெள்ளைக்காரர்கள் அதைச் சத்தியம் செய்து சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குக் கலீனா ஒரு தேதி, அவ்வளவுதான். அது ஓர் ஊர் என்பதே அவர்கள் நினைப்பில் இல்லை.

வழக்கு முடியும்வரை ஷெரீப் அவளை பெலாஜியின் சலவைக்கூடத்தில் கூலிக்கு விட்டிருந்தார். பெலாஜி சுதந்திரமான கறுப்புப் பெண். பாதி ஊரின் சட்டை அவள் கையில் வெளுத்தது.

"அடியே, திரும்பச் சொல்லு. எங்க பொறந்தேன்னானுங்க?"

"கலீனாவுலக்கா. அந்தக் கெழவி எழுதிக் குடுத்திருக்கு. டாரன்ட் எசமானும் பைபிள் மேல கைய வச்சு சொன்னாரு."

பெலாஜி கவிழ்த்துப் போட்ட தொட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஐயோ மாதாவே! ரெண்டு நாயி ஒரு எலும்புக்கு அடிச்சுக்கிட்டு, எலும்பு எந்திரிச்சு ஓடுறதுக்கு வழிய காட்டிருச்சுங்களே!"

"நாளைக்கே நீதிபதிகிட்ட சொல்லிரட்டுமாக்கா?"

சிரிப்பு நின்றது. "சொன்னே, கெட்டே. தீர்ப்புக்கு முந்தி வாயத் தொறந்தா மச்சானுங்க ரெண்டும் ஒண்ணா சேந்துக்கும். அந்தக் கெழவிக்குத் திடீர்னு புத்தி பேதலிச்சுப் போவும். முதல்ல டாரன்ட் ஜெயிக்கணும்."

"அந்தாளு ஜெயிச்சா எங்கள வித்துருவாரே!"

"விப்பான்தான். ப்ரூயட் ஜெயிச்சா, நீ கலீனாவுல பொறக்கவே இல்லன்னு பன்னெண்டு பேரு முடிவு பண்ணின மாதிரி. அப்புறம் உன் ஆயுசுக்கும் அவன் அடுப்படிதான். உன் மகளுக்கும் அதான். டாரன்ட் ஜெயிக்கணும்னு வேண்டிக்கடி."

கெசியா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். ஒரு காலரைத் தீய்த்தாள். தன்னையும் பிள்ளையையும் பிரித்து விற்கப் போகிறவனுக்கு வெற்றி கொடு என்று கர்த்தரிடம் எந்த வார்த்தையில் கேட்பது? கடைசியில் வார்த்தை இல்லாமல் அவன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜூரி உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆயிற்று. ப்ரூயட் நாற்காலியில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு அடுப்படித் தரையில் இரவில் கொஞ்சம் சூடு தங்கும், வைனி கெசியாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்குவாள். சட்டம் என்ன சட்டம், காகிதம் என்ன காகிதம். ஒரு கணம் ப்ரூயட்டே ஜெயித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"டாரன்டுக்கு" என்றார் ஜூரித் தலைவர்.

கெசியா தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் என்று நினைத்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ப்ரூயட் அவளைக் கடக்கும்போது, "நானா இருந்தா உன்ன வச்சிருப்பேன்" என்று முணுமுணுத்தான். டாரன்ட் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான்.

"திங்கக்கெழம காலைல வண்டி வரும். துணிமணிய கட்டி வை. பிள்ளைக்குத் தனி மூட்டை."

"சரிங்க எசமான்."

சனிக்கிழமை காலை பெலாஜி அவளை நீதிபதியின் அறைக்குக் கூட்டிப்போனாள். பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும், நீதிபதி நிமிர்ந்து "என்ன?" என்றதும் கெசியாவுக்குப் பாதி மறந்துபோயிற்று.

"அய்யா, நான் கலீனாவுல பொறந்தேன்."

"அதான் நேத்தே தீர்ப்பாச்சே."

"ஆமாங்கய்யா. அங்க பொறந்தா அடிமை இல்லன்னு சொல்றாங்க. நானும் என் மகளும் மனு போட வந்திருக்கோம்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். நேற்றைய வழக்கின் காகிதக் கட்டை வரவழைத்து நாடாவை அவிழ்த்து, காடி அம்மாளின் காகிதத்தை மெதுவாகப் படித்தார். பிறகு டாரன்ட் சொன்னதை எழுதிய தாளையும் படித்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள்.

"ரெண்டு பக்கமும் வக்கீல் வச்சிருந்தானுங்க. ஒருத்தனுமா யோசிக்கல?"

"என்னப் பத்தி யோசிக்கிற வேலை அவங்களுக்கு இல்லீங்களே."

பெலாஜி அவள் முழங்கையைக் கிள்ளினாள். நீதிபதிக்குக் கோபம் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "ரெண்டு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் ஷெரீப் காவல்லதான் இருக்கணும். தோத்தாலும் தோக்கலாம், தெரியுமா?"

"தோத்தா போற எடம் தெரிஞ்ச எடந்தாங்கய்யா."

குமாஸ்தா எழுதினார். மனுதாரர் கெசியா, எதிர்மனுதாரர் டாரன்ட். அவள் பெயர் முதலில் வரும் என்று குமாஸ்தா வாசித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது, கேட்கவில்லை. கீழே கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டாள். வைனிக்காக இன்னொரு தாளில் இன்னொன்று. வழக்கு முடியும்வரை இருவரையும் ஊரைவிட்டுக் கொண்டுபோகவோ, பிரிக்கவோ, அடிக்கவோ கூடாது என்று நீதிபதி உத்தரவில் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை, சொன்னது போலவே டாரன்டின் வண்டி சலவைக்கூட வாசலில் வந்து நின்றது. கெசியா மூட்டை கட்டியிருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடித் துணியோடு வாசலில் நின்றாள், வைனி அவள் பாவாடையைப் பிடித்திருந்தாள். பின்னால் பெலாஜி இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

"ஏறு" என்றான் டாரன்ட்.

உள்ளே காத்திருந்த ஷெரீப்பின் ஆள் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு வெளியே வந்து காகிதத்தை நீட்டினார்.

"என்ன இது?"

"படிங்க சார். நீங்க சொன்னதுதான்."

ஆற்றுக்காற்று தாளை மடக்கி மடக்கி விட்டது. டாரன்ட் கீழே இறங்கி, கடிவாள வாரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டான். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். கலீனா என்ற இடத்தில் உதடு நின்றது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து தொடங்கினான்.

அவன் படித்து முடிப்பதற்குள் வண்டியில் பூட்டியிருந்த கோவேறு கழுதை தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, யாரும் ஓட்டாமலே நடக்கத் தொடங்கியது. சரிவில் ஆற்றை நோக்கி, நடுத்தெருவில், காலி வண்டி கடகடவென்று போய்க்கொண்டிருந்தது.